நாற்காலி ஒருவருக்கு, சாவி வேறொருவருக்கு!

வாஷிங்டன் மாநகரம். 1966-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள். அமெரிக்க செனட் சபையின் வெளிநாட்டு உறவுக் குழு கூடியிருக்கிறது. தலைவர் புல்பிரைட் வீற்றிருக்கிறார். வியத்நாம் போரைப் பற்றிய விசாரணை. சாட்சி கூற வந்திருப்பவர் ஜார்ஜ் கென்னன்.

யார் இந்தக் கென்னன்? தெருமுனையில் கொடி பிடித்தவரல்லர். கல்லூரி வாசலில் முழக்கமிட்டவரல்லர். மாஸ்கோவிலே அமெரிக்கத் தூதராக இருந்தவர். சோவியத் செல்வாக்கு பரவாமல் தடுப்பது எப்படி என்று அமெரிக்காவுக்குக் கொள்கை வகுத்துத் தந்தவர். அவர் மீது சிவப்புச் சாயம் பூச எவராலும் இயலாது. அப்படிப்பட்டவர் அன்று என்ன சொன்னார்? இந்தப் போரில் நாம் முன்பே சிக்கிக்கொள்ளாமல் இருந்திருந்தால், இப்போது போய்ச் சிக்கிக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை என்றார். மேலும் விரிவாக்காதீர்கள், முடிந்தவரை விரைவில் முடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

1965-ஆம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 1,84,000 அமெரிக்கச் சிப்பாய்கள் வியத்நாமில் இருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் கேட்கவேண்டிய பேச்சு அல்லவா அது? என்.பி.சி. நிறுவனம் அதை நேரடியாக ஒளிபரப்பிற்று. இன்னொரு பெரிய நிறுவனமான சி.பி.எஸ். அந்தக் காலை நேரத்தில் எதைக் காட்டிற்று தெரியுமா? ‘ஐ லவ் லூசி’! ஏற்கெனவே பலமுறை காட்டி முடித்த பழைய நகைச்சுவைத் தொடர்!

செத்துக்கொண்டிருப்பவன் கணக்கை ஒருவர் எடுத்துச் சொல்கிறார். அதை மூடிவிட்டுச் சிரிப்புக் காட்டுகிறார்கள். கேட்டால் என்ன விடை வந்தது? பகலில் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் வீட்டுப் பெண்கள், அவர்களுக்கு இந்த விவகாரத்தில் நாட்டமிராது என்று மேலதிகாரி ஒருவர் முடிவு செய்தாராம். வீட்டுப் பெண்கள்! போர்முனைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்தவள் யார்? அந்த வீட்டுப் பெண்தானே? அவளுக்கா நாட்டமில்லை?

ஐந்தாம் நாள், பிப்ரவரி 15 அன்று, சி.பி.எஸ். செய்திப் பிரிவின் தலைவர் பதவி விலகினார். அவர் பெயர் பிரெட் பிரெண்ட்லி. உழைக்கும் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது. அவர் மாவீரர் என்பதற்காகச் சொல்லவில்லை. செய்தி சொல்பவன் எவ்வளவு உயர ஏறினாலும் அவன் கைக்கு எட்டாத சாவி ஒன்று இருக்கிறது என்பதை, அவர் வாழ்க்கை போல வெட்டவெளிச்சமாகக் காட்டுவது வேறொன்றும் இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

1915-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பிராவிடன்ஸ் நகரத்து வானொலி நிலையத்தில் 1937-இல் தொழில் தொடங்கியவர். இரண்டாம் உலகப்போரில் இந்தியா–பர்மா–சீனப் போர்முனையில் பணியாற்றியவர். போர் முடிந்தபின் எட்வர்டு மர்ரோவுடன் கைகோத்தார். லண்டன் மீது ஹிட்லரின் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது அந்நகரத்திலிருந்தே அமெரிக்காவுக்குச் செய்தி சொன்ன குரல், மர்ரோவின் குரல். 1951-இல் இருவரும் சேர்ந்து ‘சீ இட் நவ்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். திரையில் தெரிந்தவர் மர்ரோ. திரைக்குப் பின்னால் நின்று படத்தை வெட்டி, ஒட்டி, வேளைக்குச் சேர்த்தவர் பிரெண்ட்லி.

அது மக்கார்த்தி என்னும் செனட்டர் அமெரிக்காவை ஆட்டிப்படைத்த காலம். எவரைக் கண்டாலும் கம்யூனிஸ்டு என்பார். ஆசிரியர் வேலை போகும், நடிகர் வாய்ப்பு போகும், எழுத்தாளர் பிழைப்பு போகும். அந்த வேளையில், மிலோ ரடுலோவிச் என்ற விமானப்படை லெப்டினன்டை வெளியேற்ற முனைந்தார்கள். அவர் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை! தந்தையும் உடன்பிறந்தவளும் ஐயத்துக்குரியவர்களாம். தந்தையோ மோட்டார்த் தொழிற்சாலைத் தொழிலாளி. செர்பியாவிலிருந்து பிழைக்க வந்தவர். தாய்மொழியில் பத்திரிகை படித்தவர். சாட்சியம் எங்கே என்று கேட்டால், ஒட்டிய உறை ஒன்றைக் காட்டினார்கள். உறையைப் பிரிக்கவில்லை!

1953 அக்டோபர் 20 அன்று இந்தக் கொடுமையை மர்ரோவும் பிரெண்ட்லியும் நாட்டுக்குக் காட்டினார்கள். அதற்கு விளம்பரம் செய்ய நிறுவனம் மறுத்தது. இருவரும் தங்கள் சொந்தப் பணம் 1,500 டாலரைக் கொடுத்து ‘நியூயார்க் டைம்ஸ்’ ஏட்டில் விளம்பரம் போட்டார்கள். அந்த விளம்பரத்தில் சி.பி.எஸ். முத்திரை இல்லை! ஐந்து வாரத்திற்குள் ரடுலோவிச்சின் பதவி காப்பாற்றப்பட்டது. அடுத்து, 1954 மார்ச் 9 அன்று மக்கார்த்தியையே எடுத்துக்கொண்டார்கள். அவர் பேசிய பேச்சையே படமாகக் காட்டி, ஒன்றோடொன்று முரண்படுவதை எடுத்துக்காட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று செனட் சபை 67-க்கு 22 என்ற வாக்கில் மக்கார்த்தியைக் கண்டித்தது. அவரை வீழ்த்தியது ஒரு நிகழ்ச்சி மட்டும் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அஞ்சி ஒடுங்கிக் கிடந்த நாட்டில் வாய் திறக்கலாம் என்ற துணிவைத் தந்தவற்றில் அதுவும் ஒன்று.

இவ்வளவு புகழ் கொண்டுவந்த நிகழ்ச்சிக்கு நிறுவனம் என்ன பரிசு தந்தது? அதற்குப் பணம் கொடுத்துவந்த அலுமினியக் கம்பெனி 1955-இல் விலகிற்று. அதே ஆண்டு 64,000 டாலர் பரிசுப் போட்டி என்று ஒரு வினாவிடை நிகழ்ச்சி வந்தது, பணம் கொட்டிற்று. வாரந்தோறும் வந்த ‘சீ இட் நவ்’ எப்போதோ ஒருமுறை வருவதாகச் சுருங்கி, 1958-இல் மூடப்பட்டது. மக்கார்த்தியால் மூடமுடியாததை வரவு செலவுக் கணக்கு மூடிற்று!

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பரிசுப் போட்டிகளில் விடையை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த பித்தலாட்டம் அம்பலமாகி, நிறுவனங்களின் மானம் காற்றில் பறந்தது. அந்த வேளையில்தான், 1959-இல், ‘சி.பி.எஸ். ரிப்போர்ட்ஸ்’ என்ற ஆராய்ச்சித் தொடர் பிரெண்ட்லியின் பொறுப்பில் வந்தது. 1960 நவம்பர் 25 அன்று, அமெரிக்கர்கள் நன்றித் திருநாள் விருந்துண்ட மறுநாள், அதில் ‘ஹார்வெஸ்ட் ஆப் ஷேம்’ ஒளிபரப்பாயிற்று. முந்தின நாள் விருந்தில் உண்ட காய்கனிகளைப் பறித்தவர்கள், தோட்டம் தோட்டமாக லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டு, கூலிக்காக அலைந்து, குடிசையில் பிள்ளைகளைப் பட்டினி போட்ட விவசாயக் கூலிகள். அவர்கள் முகத்தை நாடு அன்று பார்த்தது. செய்தி என்பதன் பயன் அதுதான்: உண்பவனுக்கு உழைப்பவனைக் காட்டுவது.

1964-இல் பிரெண்ட்லி செய்திப் பிரிவின் தலைவரானார். நாற்காலி கிடைத்தது! இனி தடையேது என்று எண்ணத் தோன்றும். அந்த ஆண்டு ஆகஸ்டில் டாங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டன என்று ஜனாதிபதி ஜான்சன் இரவில் தோன்றி அறிவித்தார். அவர் பேச்சு முடிந்ததும் அலசி ஆராயாமல் சி.பி.எஸ். வழக்கமான நிகழ்ச்சிக்குத் திரும்பிவிட்டது. நோய்வாய்ப்பட்டிருந்த மர்ரோ தொலைபேசியில் அழைத்துக் கடிந்துகொண்டார் என்று பிரெண்ட்லியே பின்னர் தம் நூலில் எழுதியிருக்கிறார். மூன்றாம் நாள், போருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0 என்றும், செனட் சபையில் 88-க்கு 2 என்றும் நிறைவேறிற்று. கேள்வி கேட்கவேண்டிய இரவில் கேட்காமல் போன அந்த அமைதி, பிரெண்ட்லியின் நெஞ்சைக் கடைசிவரை உறுத்திற்று.

1965 ஆகஸ்டில் அவர் அமைதியாக இருக்கவில்லை. காம் நே என்ற வியத்நாம் கிராமத்தில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் லைட்டரைத் தட்டிக் குடிசைக் கூரைகளுக்குத் தீ வைத்ததை மோர்லி சேபர் என்ற செய்தியாளர் படமெடுத்து அனுப்பினார். கிழவிகள் கதறுகிறார்கள், கூரை எரிகிறது. பிரெண்ட்லி அதை ஒளிபரப்பினார். ஜான்சன் கொதித்தெழுந்தார். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அரசாங்கத்தின் சினத்தை அந்த நாற்காலி தாங்கிற்று.

அரசாங்கத்தின் சினத்தைத் தாங்கிய நாற்காலி, ஆறே மாதத்தில் ஒரு காலை நேரத்து விளம்பர வருமானத்தைத் தாங்க முடியாமல் சாய்ந்தது! அதுதான் கென்னன் பேசிய நாள். செய்திப் பிரிவின் தலைவர் வேண்டும் என்றார். அவருக்கு மேலே புதிதாக அமர்த்தப்பட்ட அதிகாரி வேண்டாம் என்றார். எது செய்தி என்று அறிய முப்பது ஆண்டு அனுபவம் ஒருவருக்கு. எது லாபம் என்று அறியும் பொறுப்பு மற்றவருக்கு. வென்றது எது என்று சொல்லவும் வேண்டுமா?

‘விளம்பரம் இல்லாமல் நிலையம் நடக்குமா? சம்பளம் கொடுக்கவேண்டாமா?’ என்று கேட்பார்கள். நடக்காது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் காற்றலை யாருடையது? சி.பி.எஸ். முதலாளி வாங்கிப்போட்ட மனையா அது? அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுச் சட்டமே, பொதுநலனுக்குப் பயன்படுத்து என்று சொல்லித்தான் அலைவரிசைக்கு உரிமம் தருகிறது. நம் நாட்டு உச்சநீதிமன்றமும் காற்றலை பொதுச்சொத்து என்று 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பொதுக்குளத்தில் மீன் பிடிக்க உரிமை பெற்றவன் ஊரார் தண்ணீர் மொள்ளக் கூடாதென்று படித்துறையை அடைத்தால் ஊர் பொறுக்குமா?

‘பிரெண்ட்லி வசதியானவர், எழுந்து போனார், நாலு பிள்ளை பெற்ற தொழிலாளி அப்படி வேலையை உதறமுடியுமா?’ என்று இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி! அவர் விலகினார், நாடு பாராட்டிற்று, நிறுவனம் நடந்துகொண்டே இருந்தது. ஒரு மனிதன் எழுந்து போவதால் நாற்காலிதான் காலியாகிறது, சாவி கைமாறுவதில்லை. இதைப் பிரெண்ட்லியும் உணர்ந்திருக்க வேண்டும். போர்டு அறக்கட்டளையில் சேர்ந்து, விளம்பரத்தை நம்பாத தொலைக்காட்சிக்கு வழிதேடினார். விந்தையைப் பாருங்கள்: அந்த அறக்கட்டளையின் தலைவர், ஜான்சனின் போர் ஆலோசகராக இருந்த பண்டி! தோட்டம் மாறினாலும் வேலி மாறவில்லை. இருந்தும் பலன் விளைந்தது. பலருடைய முயற்சியால் 1967 நவம்பர் 7 அன்று பொது ஒலிபரப்புச் சட்டம் பிறந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்து, செய்தி நிறுவனங்கள் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்த கறுப்பின இளைஞர்களுக்கும் பிற சிறுபான்மையினருக்கும் செய்தித் தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். 1998 மார்ச் 3 அன்று மறைந்தார்.

அவர் மறைந்தார், அவர் சந்தித்த வழக்கு முடியவில்லை. 2025 ஏப்ரலில், அதே சி.பி.எஸ். நிறுவனத்தின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சித் தலைவர் பில் ஓவன்ஸ், இனி சுதந்திரமாக முடிவெடுக்க முடியாது என்று கூறி விலகினார். அடுத்த மாதம் செய்திப் பிரிவின் தலைவியும் விலகினார். ஜூலையில், அந்நிகழ்ச்சி பற்றி ஜனாதிபதி டிரம்ப் தொடுத்த வழக்கை, தாய்க் கம்பெனி 1 கோடியே 60 இலட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு முடித்துக்கொண்டது. அப்போது அந்தக் கம்பெனி வேறொரு கம்பெனியுடன் இணைய அரசாங்கத்தின் அனுமதிக்குக் காத்துக்கொண்டிருந்தது! அதே மாதத்தில், பொது ஒலிபரப்புக்கென ஒதுக்கிய ஏறத்தாழ 110 கோடி டாலரை அமெரிக்கக் காங்கிரஸ் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதலாளி கையில் ஒரு சாவி. ஆட்சியாளர் கையில் மறு சாவி. பார்க்கும் மக்கள் கையில்?

தோழர்களே! ஆலை வாசலில் ஆயிரம் பேர் நிற்கும்போது திரையில் ஆட்டமும் பாட்டமும் ஓடினால், செய்தி வாசிக்கும் பிள்ளையை ஏசாதீர்கள். அவன் கூலிக்காரன். அவனுக்கு மேலே நாற்காலியில் இருப்பவனும் கூலிக்காரன்தான். கூலி சற்று அதிகம், அவ்வளவே. ‘அலை எங்களுடையது, சாவியை யாரிடம் கொடுத்தீர்கள்?’ என்று கேளுங்கள். உரிமம் வழங்குமிடத்தில் கேளுங்கள், சட்டமன்றத்தில் கேட்கச் செய்யுங்கள், சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடுங்கள். உண்மைக்காக வேலையை இழக்கும் செய்தியாளன் ஒருவன் வந்தால், கைதட்டி அனுப்பிவிடாமல் அவன் சங்கத்தோடு உங்கள் சங்கமும் நிற்கட்டும்.

ஒருவர் எழுந்து போனால் அது செய்தி. பலர் சேர்ந்து கேட்டால்தான் சாவி அசையும்!