எனக்கென்று ஒரு சாரன்

பெருநாள் நெருங்கினால் மருதமுனைக் கைத்தறிச் சாரனில் எமக்கென்று தனி நிறம், தனிக் கட்டம் கேட்க ஆசை வரும். தறிக்காரர் "தனியா ஒண்டு நெய்ய ஏலா" என்பார். உடனே, "ஆளுக்குப் பெரிய தலைக்கனம்" என்று ஊரில் ஒரு பேச்சு.

தலைக்கனம் இல்லை, அது பாவுக் கணக்கு. நூலுக்குச் சாயம் போட்டு, பாவோடி, இழை இழையாகக் கோத்துத் தறியில் ஏற்றுவதுதான் பெரிய வேலை. ஏற்றிய பாவில் பல சாரன்கள் இறங்கினால்தான் கூலி மிஞ்சும்.

பென்டர் கம்பனி 1987இல் தனி ஓர்டருக்கென்றே கிற்றார்ப் பட்டறை திறந்தது. பீட்டில்ஸ் வாசித்த ரிக்கன்பாக்கர் கம்பனியோ தனி ஓர்டர் எடுப்பதில்லை. பட்டியலில் உள்ள மின் கிற்றார்தான். ரசிகர்கள் ஏங்குகிறார்கள், ஆனாலும் அதையே வாங்குகிறார்கள். நம்மூரிலோ மறுத்த கையோடு மெஷின் சாரனுக்குப் போய்விடுகிறோம்.

ஒரு வழி இருக்கிறது. பாவை இடையில் மாற்ற ஏலாது. குறுக்கு நூலின் நிறத்தை மாற்றலாம். ஒரு குடும்பமோ ஒரு பாடசாலை ஆசிரியர்களோ சேர்ந்து, முற்பணத்தோடு ஒரு பாவு முழுவதையும் பேசிக்கொண்டால், ஆளுக்கொரு நிறம் கேட்கலாம். நோன்புக்கு முன்பே போக வேண்டும். இருபத்தேழாம் நோன்பில் போய் நின்றால் எந்தத் தறியில்தான் இடம் இருக்கும்?