பூட்டிய அலமாரியும் விடுமுறை வாசிப்பும்

கோடை விடுமுறையில் மாணவர்களின் வாசிப்புப் பழக்கம் அறுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அரசுப் பள்ளி ஆசிரியர்களை அறிவுறுத்திவிட்டு, விடுமுறைக்கு முன்பே மாணவர் கையிலுள்ள நூலக நூல்கள் அனைத்தையும் திரும்பப் பெற்று, இருப்புச் சரிபார்த்து, அலமாரியைப் பூட்டிவிட வேண்டும் என்றும் பணித்திருக்கும் கல்வித் துறையின் முடிவு, தன் முதல் பாதியை இரண்டாம் பாதியால் தானே ரத்து செய்துகொண்ட முடிவாகும்.

நீண்ட விடுமுறையில் ஏழைக் குழந்தைகளின் வாசிப்புத் திறன் தேய்வதைக் கல்வியாளர்கள் ‘கோடைக்கால இழப்பு’ என்பர். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஏழ்மை மிகுந்த பள்ளிகளின் குழந்தைகளுக்கு அவர்களே தேர்ந்தெடுத்த நூல்களை மூன்று கோடைகள் தொடர்ந்து வழங்கி, ரிச்சர்ட் ஆலிங்டன் முதலானோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நூல் பெற்ற குழந்தைகள் பெறாதோரைவிட வாசிப்புத் தேர்வில் மேம்பட்டிருந்தனர். அந்நூல்களை எவரும் திரும்பக் கேட்கவில்லை என்பதும் குறிக்கத்தக்கது.

இங்கோ நூல் தொலைந்தால் அதன் விலை ஆசிரியரின் தலையில் விழுகிறது. இருப்புப் பதிவேடு என்பது நூல், நாற்காலி, மேசை ஆகிய யாவற்றையும் ஒரே தன்மையுடைய பொருள்களாகக் கருதும் கணக்கேடு. நாற்காலி பள்ளியை விட்டு வெளியேறாதிருப்பதே முறை, நூலோ வெளியேறினால்தான் பயன்படும் என்ற வேறுபாடு தணிக்கைக்குப் புலப்படுவதில்லை. ஆகவே, நூலகப் பொறுப்பைக் கூடுதல் சுமையாக ஏற்ற ஆசிரியர், கிழிந்த ஒரு கதைப் புத்தகத்துக்கும் விளக்கம் எழுத நேரும் என்றஞ்சி, எந்நூலையும் வெளியே விடாதிருப்பதே தமக்குப் பாதுகாப்பு என்று முடிவு செய்கிறார். அவரைக் குறை கூற இயலாது. ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் (2017) மாநிலப் பள்ளிகளைக் கட்டுப்படுத்துவன அல்ல எனினும், அவற்றின் 215ஆம் விதி, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவிடத்து, ஆண்டில் வழங்கப்படும் 1,000 நூல்களுக்கு 5 நூல்கள் வரை இழக்கப்படுவதை இயல்பெனவே ஏற்கிறது. கணக்கதிகாரிகளே ஒப்புக்கொண்ட இச்சிறு பெருந்தன்மைகூடக் கல்வியை நடத்துவோருக்கு வாய்க்கவில்லை.

இது புதிதுமன்று. ‘புத்தகப் பூங்கொத்து’ என்ற பெயரில், குழந்தைகளின் கைக்கு எட்டுமாறு வகுப்பறையிலேயே நூல்களைத் தொங்கவிடச் செய்தவர்கள், அவை கசங்கும் என்பதை எதிர்பாராதவர்கள்போல நடந்துகொண்டதால், பல பள்ளிகளில் அவை மீண்டும் பெட்டிக்குள் சென்றன. கால அட்டவணையில் நூலகப் பாடவேளையைச் சேர்த்தவர்கள், நூலகரைச் சேர்க்க மறந்தனர். அவ்வேளை கணக்குப் பாடத்துக்கு இரையானது. சிறார் இதழ்களை அச்சிட்டு அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று கருதியோரும் இவர்களே. வாங்கிய நூல்களின் எண்ணிக்கையை அறிக்கையில் காட்டத் தெரிந்த இவர்களுக்கு, படிக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கையைக் கேட்கத் தோன்றியதே இல்லை.

நூலை நம்பிக் கொடுக்கும் ஆசிரியரைத் தண்டிக்காத ஏதேனும் ஓர் ஏற்பாடு, அடுத்த கோடைக்கு முன்பாகவாவது செய்யப்பட வேண்டும். அதுவரை, வாசிப்பைப் பற்றி ஆசிரியர்களுக்கு அறிவுரை வழங்கும் தகுதி இம்முடிவை எடுத்தோருக்கு இல்லை.