நாலேகால் அங்குலத்துக்கு எத்தனை இலட்சம்?

“நல்ல மட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தால் பொடியன் நன்றாக ஆடுவான்.”

பாடசாலைத் துடுப்பாட்டப் பருவம் நெருங்கும்போதெல்லாம் கோப்பாயிலும் இருபாலையிலும் நீர்வேலியிலும் காதில் விழுகின்ற வாக்கியம் இது. சொல்பவர் சில வேளை தந்தையார். பல வேளை இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பேசும் தாய்மாமன். சில வாரங்களில் மட்டை வந்து சேர்கிறது. இலண்டன் கடைகளில் முதல்தர மட்டைகளின் விலை 500 பவுணைத் தாண்டிவிட்டது. 1000 பவுணைத் தொடுகின்றவையும் உண்டு. 500 பவுண் என்பது நமது நாணயத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபா. தோட்டம் செய்யும் ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை மாத உழைப்பு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பாடசாலைப் பிள்ளை ஒருவனுக்கு அந்த மட்டை அந்த விலை பெறுமா? பெறாது என்பதே எனது வாதம்.

இதே வினாவைச் செல்வந்தர்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்கிறார்கள். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் உருட்டுவதற்கென்று தனியாக ஒரு கோல் உண்டு. பல நூறு டொலர் கொடுத்து அதனை வாங்கியவர், மறுநாளும் மூன்றடித் தூரத்தில் பந்தைத் தவறவிடுகிறார். கொழும்பில் 1879 முதலும் நுவரெலியாவில் 1889 முதலும் கோல்ஃப் கழகங்கள் இருக்கின்றன. கோப்பாயின் செம்மண்ணில் அப்படியொன்று முளைக்கவில்லை; அவ்வளவு நிலம் கிடைத்தால் நம்மவர் வெங்காயம் நடுவார்கள். ஆயினும் வியப்பான ஒற்றுமை ஒன்றுண்டு. கோல்ஃப் குழியின் விட்டம் 4.25 அங்குலம். துடுப்பாட்ட மட்டைக்கு விதி அனுமதிக்கும் அதியுயர் அகலமும் அதே 4.25 அங்குலம். இரண்டிலும் இந்த நாலேகால் அங்குலத்தைப் பணத்தால் அகட்ட முடியாது.

மட்டையின் அகலத்துக்கு இந்த எல்லை வந்த கதை சுவையானது. 1771 இல் இங்கிலாந்தில் வைற் என்னும் ஆட்டக்காரர் விக்கெட்டை முற்றாக மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையுடன் களமிறங்கினார். எதிரணியான ஹம்பிள்டன் கழகத்தினர் வெகுண்டனர். 1774 ஆம் ஆண்டு விதிக்கோவையில் அகலத்துக்கு எல்லை எழுதப்பட்டது. 1979 டிசம்பரில் பேர்த் மைதானத்தில் டெனிஸ் லில்லி அலுமினிய மட்டையுடன் வந்தபோதும் கூச்சல் எழுந்தது. மட்டையின் அலகு மரத்தாலேயே ஆனதாக இருத்தல் வேண்டுமென்று விதி இறுகியது. மட்டைகள் தடித்துக்கொண்டே போனதால் 2017 ஒக்டோபர் முதல் ஓரத்தின் தடிப்பு 40 மில்லிமீற்றருக்கும் மொத்தத் தடிப்பு 67 மில்லிமீற்றருக்கும் மேற்படலாகாது என்று வரையறுக்கப்பட்டது. கருவியின் வலிமையால் ஆட்டம் தீர்மானிக்கப்படக்கூடாது என்பதில் இவ்விளையாட்டு இரண்டரை நூற்றாண்டுகளாக விழிப்பாக இருந்து வந்திருக்கிறது. விழிப்பில்லாதவர்கள் நாம்தான்.

நிற்க. அந்த இரண்டு இலட்சம் ரூபாவுக்குக் கிடைப்பதுதான் என்ன?

ஆங்கில வில்லோ மரம் இலேசானது, மென்மையானது. பந்து பட்டவுடன் நன்கு உந்தித் தள்ளும். காஷ்மீர் வில்லோ சற்றுக் கனமானது, கடினமானது. இந்த வேறுபாடு உண்மை, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆங்கில வில்லோவுக்குள்ளேயே முதலாந்தரம், இரண்டாந்தரம், மூன்றாந்தரம் என்று விலை பன்மடங்காக ஏறுகின்றதே, அது பெரும்பாலும் கண்ணுக்கான விலை. மரத்தின் வரிகள் நேராக உள்ளனவா, கறை உண்டா, முடிச்சு உண்டா என்று பார்த்தே தரம் பிரிக்கிறார்கள். கறை படிந்த மட்டையும் பந்தை அதே வேகத்தில் அனுப்பக்கூடும். ஒரு வரி என்பது மரத்தின் ஓராண்டு வளர்ச்சி. வரிகள் நெருங்கிய மட்டை விரைவில் பதப்படும்; விரைவில் உடைந்தும் போகும் என்பது அனுபவசாலிகளின் கூற்று. அதாவது அதிக விலை கொடுத்தவர் வாங்குவது குறைந்த ஆயுளை.

ஒட்டுப்படத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. தொலைக்காட்சியில் நாம் காணும் நட்சத்திர வீரருக்கு மட்டை இலவசமாக வருகிறது. ஒட்டுப்படத்தைத் தாங்குவதற்கு அவருக்குப் பணமும் வருகிறது. ஒரு நிறுவனத்தின் ஒட்டுப்படத்தின் கீழே வேறொரு தச்சரின் மட்டை இருப்பதும் அத்துறையில் எல்லோரும் அறிந்த இரகசியம். அவர் பணம் வாங்கிக்கொண்டு செய்யும் விளம்பரத்தை நமது பிள்ளை பணம் கொடுத்துச் செய்கிறான்.

இனி நமது களத்துக்கு வருவோம். ஊர்க் கழகங்களின் சுற்றுப்போட்டிகளில் எத்தனையோ மென்பந்தில் நடப்பவை. கடினப்பந்தின் நிறை ஏறத்தாழ 156 முதல் 163 கிராம். ரென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது. மென்பந்துக்கு ஆங்கில வில்லோ எந்தத் தேவையுமற்ற ஆடம்பரம். கடினப்பந்து ஆடும் கிராமப்புறப் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குக் கிடைப்பதோ கொங்கிறீற் தளத்தின்மேற் பாய் விரித்த ஆடுகளம். அதில் மட்டையின் நுனி அடிபட்டுச் சிதைவதற்கு அதிக நாட்கள் செல்லா. புதிய மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி, மரச் சுத்தியலால் மணிக்கணக்கில் தட்டிப் பதப்படுத்திய பின்னரே களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதனைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல், வந்த கிழமையிலேயே வெடித்துப்போகும் மட்டைகளுக்காக யார் அழுவது?

அளவிலும் தவறு நடக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு பருவத்தில் மட்டை சிறிதாகிவிடும் என்று அஞ்சும் பெற்றோர், பாடசாலைச் சட்டை தைப்பதைப் போல, “வளர்ந்த பிறகும் உதவும்” என்று பெரிய மட்டையை வாங்குகிறார்கள். கனத்தைத் தாங்காத பிள்ளை கீழ்க்கையால் இழுத்து வீசப் பழகுகிறான். விலையுயர்ந்த மட்டை தந்த பரிசு, காலம் முழுதும் திருத்த முடியாத ஒரு பழுது.

“கொழும்புப் பிள்ளைகளுக்கு நமது பிள்ளைகள் எதிற் குறைந்தவர்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. நான் மிகவும் மதிக்கின்ற கேள்வி இது. போர் தின்ற பல பத்தாண்டுகளில் நமது மைதானங்களும் தின்னப்பட்டன. ஆகவே அந்தக் கேள்வியின் பின்னாலுள்ள வேதனை நியாயமானது. ஆனால் கொழும்புப் பிள்ளை முன்னே நிற்பது மட்டையினால் அன்று. புற்றரை ஆடுகளம், நாள்தோறும் பயிற்சியாளர், ஆண்டு முழுவதும் போட்டிகள் என்பவற்றினாலேயே அவன் முன்னே நிற்கிறான். இவற்றுள் எதனையும் இலண்டனிலிருந்து பொதியில் அனுப்ப முடியாது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மைந்தர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீகிலும் 2024 இல் ஐ.பி.எல். போட்டியில் ஐதராபாத் அணியிலும் ஆடினார். அவரை அங்கே கொண்டு சென்றது சுழற்பந்து. அவருடைய மூலதனம் மணிக்கட்டும் அயராத பயிற்சியும். முந்திய தலைமுறையின் மகாதேவா சதாசிவம் 1947 இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தது, மட்டைகளின் ஓரம் மெலிந்திருந்த காலத்தில். பிரட்மனோ சிறுவயதில் ஒரு விக்கெட் குச்சியால் கோல்ஃப் பந்தைத் தண்ணீர்த் தாங்கியின் அடிச்சுவரில் அடித்துப் பழகியவர். கோல்ஃப் ஆட்டத்திலிருந்து ஏழைப் பிள்ளை ஒருவனுக்குத் தேவைப்படக்கூடிய ஒரே பொருள் அந்தப் பந்துதான்.

“நல்ல மட்டை தன்னம்பிக்கை தரும்” என்பது இன்னொரு வாதம். ஒருவனுக்குத் தரும், பதினொருவர் கொண்ட அணியில் எஞ்சியோருக்கு? அணியின் பொதுப் பையிலுள்ள பழைய மட்டையை மாறி மாறி எடுத்துச் செல்லும் பிள்ளைகளின் முன்னே இரண்டு இலட்சம் ரூபா மட்டை வந்து நிற்கும்போது, “இது நமக்கான விளையாட்டன்று” என்று மெல்ல ஒதுங்கும் ஒரு சிறுவனை நாம் இழக்கிறோம். அவன் வரவுப் பதிவேட்டில் இல்லாமற் போவதை யாரும் கவனிப்பதில்லை. மிகச் சிறந்த மணிக்கட்டு அவனிடம் இருந்திருக்கலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மட்டைக்கு இலட்சம் செலவழிக்கும் பெற்றோர், தலைக்கவசத்தில் மட்டும் மலிவு தேடுகிறார்கள். அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் 2014 நவம்பரில் கழுத்தில் பந்து பட்டு உயிரிழந்தார். அதன் பின்னர் கழுத்துக் காப்புப் பற்றிய அறிவு உலகெங்கும் பரவியது. பந்து முகக் கம்பிக்கும் கவசத்துக்கும் இடையே நுழையாதபடி சோதிக்கப்பட்ட பி.எஸ். 7928:2013 தரக்குறி கவசத்தில் இருக்கிறதா என்று உங்கள் வீட்டில் இன்றிரவு பாருங்கள். அந்த இடத்தில் நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாவும் விலை பெறும்.

தொழில்முறை வீரனுக்கு முதல்தர மட்டை வேண்டும். அவனுக்கு அது ஏர்க்காரனின் ஏர். கற்கும் பிள்ளைக்கு ஓரளவான மட்டை போதும். கையாளக்கூடிய நிறை, உயரத்துக்கேற்ற அளவு, இவ்விரண்டையும் பார்த்து வாங்கினால் அது பல பருவத்துக்கு உழைக்கும். மிச்சப் பணத்தைச் சனசமூக நிலையத்துக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ கொடுங்கள்: பந்துகள், பயிற்சி வலை, புதிய பாய், பயிற்சியாளருக்கு ஒரு கொடுப்பனவு. 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே ஆடப்போகும் பிள்ளைகள் ஊர் மைதானங்களிலிருந்துதான் வரவேண்டும்.

ஆகவே, கடல் கடந்திருக்கும் தாய்மாமன்மாரே, அடுத்த முறை மருமகன் மட்டை கேட்கும்போது ஒரு வினாவை அவனிடம் கேளுங்கள்: “உங்களுடைய கழகத்தில் வலை இருக்கிறதா, தம்பி?” இல்லையென்று அவன் சொன்னால், அனுப்ப வேண்டியது எதுவென்று உங்களுக்கே தெரியும்.