புளிக்காத அப்பம்

மதுரை சிம்மக்கல்லிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அடுத்த வீட்டில் கோட்டயத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. பெரிய வியாழக்கிழமை மாலை அந்த வீட்டு அம்மாள் அரிசியும் உளுந்தும் கலந்த மாவைப் புளிக்க விடாமல், அப்போதே ஆவியில் வேக வைத்தாராம். "நம் வீட்டில் மாவு பொங்காவிட்டால் மாமியார் பொங்கிவிடுவார். இவர்கள் பொங்கிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார்களே, ஏன்?" என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் மனத்தாங்கல் தெரிகிறது. ஓலைச் சிலுவை வைத்த அப்பத்தை அவர்கள் தங்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டு, இவருக்கு வேறு தட்டிலிருந்து சிலுவையில்லாத அப்பத்தைக் கொடுத்தார்களாம். "எங்கள் கை பட்டால் ஆகாதா?" என்று கேட்கிறார்.

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு எகிப்து வரை போய்வர வேண்டும்.

யூதர்கள் எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்து விடுதலை பெற்ற கதையைப் பைபிளில் யாத்திராகமம் சொல்கிறது. புறப்படும் இரவில் வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டியை அடித்து, அதன் ரத்தத்தை வாசல் நிலையில் பூசினார்கள். சாவு அந்த வீடுகளைக் கடந்து போயிற்று. பிசைந்த மாவு புளிக்கும் வரை காத்திருக்க அவகாசமில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்த ராத்திரியின் நினைவுதான் பஸ்காப் பண்டிகை. பண்டிகை நாட்களில் புளித்த பண்டம் ஒரு துணுக்குக்கூட வீட்டில் இருக்கக்கூடாது. முந்தின இரவு விளக்கை ஏந்தி மூலை முடுக்கெல்லாம் தேடுவார்கள். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிஷத்துக்குள் ரொட்டி வெந்தாக வேண்டும் என்பது விதி. போகிக்கு வீட்டை ஒழிக்கும் நம் பெண்மணிகளுக்கு இது எவ்வளவு வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. பண்டிகை ஆண்டவனுக்கு, இடுப்பு வலி அம்மாவுக்கு!

இரவில் குடும்பம் கூடி உட்காரும். புளிக்காத ரொட்டி, கசப்புக் கீரை, திராட்சை ரசம் எல்லாம் இருக்கும். வீட்டின் கடைக்குட்டி, இன்றைக்கு மட்டும் ஏன் எல்லாம் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்க வேண்டும்; பெரியவர்கள் கதையைச் சொல்ல வேண்டும். அதுவும், எகிப்திலிருந்து வெளியேறியது என்றோ இருந்த பாட்டனார் அல்ல, நாமேதான் என்ற பாவனையில் சொல்ல வேண்டும். பழைய சம்பவத்தைச் சாப்பாட்டின் மூலம் தன்னுடையதாக்கிக்கொள்வது என்ற இந்த எண்ணந்தான் கிறிஸ்தவர்களின் திருவிருந்துக்கும் உயிர்நாடி.

இயேசு யூதர். சீடர்களோடு அவர் உண்ட கடைசி உணவு பஸ்கா விருந்துதான் என்று முதல் மூன்று சுவிசேஷங்களும் சொல்லுகின்றன. யோவான் மட்டும் அது பண்டிகைக்கு முந்தின இரவு என்கிறார். எப்படியானாலும் அதே பண்டிகைச் சமயம். அந்தப் பந்தியில் அவர் ரொட்டியை எடுத்து, யூத வழக்கப்படி இறைவனைத் துதித்துப் பிட்டு, அது தம் உடல் என்றார். ரசத்தைத் தம் ரத்தம் என்றார். பஸ்கா ஆட்டுக்குட்டி கிறிஸ்துவேதான் என்று பின்னால் பவுல் எழுதினார். கத்தோலிக்கர் இதை நற்கருணை என்பார்கள். புராட்டஸ்டண்டுகள் பழைய வழக்கில் இராப்போஜனம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கொண்டாலும் அது இராப்போஜனந்தான். பெயரிலாவது அந்த இரவு நிலைத்திருக்கிறது.

ஆனால் இன்றைய யூதரின் பந்தி முறையை அப்படியே இயேசுவின் பந்தி முறை என்று சிலர் விளக்கும்போது எனக்குச் சம்மதமில்லை. கி.பி. 70-ல் ஜெருசலேம் ஆலயம் இடிந்து, ஆட்டுப் பலி நின்று, ஏறக்குறைய 200-ஆம் ஆண்டில்தான் அந்த முறை மிஷ்னா என்னும் நூலில் எழுத்தாயிற்று. வேர் ஒன்றுதான், கிளைகள் தனித்தனியே வளர்ந்தன.

வளர்ந்தது மட்டுமா? புளித்த ரொட்டியா, புளிக்காத ரொட்டியா என்று ரோமாபுரியும் கான்ஸ்டாண்டிநோபிளும் மோதிக்கொண்டன. 1054-ல் நேர்ந்த பிளவுக்கு அதுவும் ஒரு காரணம். அதைவிட மோசம், ஐரோப்பாவில் யூதர்கள் மீது சுமத்திய பழி. கிறிஸ்தவக் குழந்தைகளின் ரத்தத்தைக் கலந்து பஸ்கா ரொட்டி சுடுகிறார்களாம்! இறைச்சியில்கூட ரத்தம் நிற்கக் கூடாதென்று உப்பிட்டு வடித்துச் சமைக்கிறவர்கள் மீது இந்த அபாண்டம். இதனால் எத்தனையோ யூதர்கள் உயிரிழந்தார்கள். இயேசுவின் மரணத்துக்கு யூத குலம் முழுவதையும் குற்றஞ்சாட்டக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்ல, 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக் கேரளத்துக்கு வந்தால் மூச்சு விடலாம். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஆலயம் அரண்மனையை ஒட்டியே நிற்கிறது. 1948-க்குப் பிறகு அங்கத்திய யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பெசாக் என்று சொன்ன பண்டிகையின் பெயர்தான் சிரியன் கிறிஸ்தவர் வாயில் பெசஹா. நம் தமிழ்க் கிறிஸ்தவர் வாயில் பாஸ்கா. அடுத்த வீட்டு அம்மாள் செய்தது பெசஹா அப்பம். இந்த அப்பத்தைக் காட்டி, அவர்களை யூத வம்சம் என்று சாதிப்பவர்கள் உண்டு. ஒரு பலகாரத்தை வைத்து வம்சாவளி எழுத நான் துணியமாட்டேன். ஆனால் கோயில் பீடத்துக்குப் போய்விட்ட ஒரு விருந்து, இவர்கள் வீடுகளில் மட்டும் வருஷத்தில் ஒரு ராத்திரி சமையலறையில் தயாராகிறது. குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையில் சிலுவை செய்து மாவின் மேல் வைப்பார்கள். ஜெபம் முடிந்ததும் குடும்பத் தலைவர் அப்பத்தைப் பங்கிட்டு, மூத்தவரிலிருந்து வரிசையாகக் கொடுப்பார். தொட்டுக்கொள்ள வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் காய்ச்சிய பெசஹாப் பால்.

சிம்மக்கல் சகோதரியின் மனத்தாங்கலுக்கும் யாத்திராகமத்தில் பதில் உண்டு. பஸ்கா ஆட்டுக்குட்டியை விருத்தசேதன உடன்படிக்கையில் சேராத அந்நியன் உண்ணக் கூடாது என்கிறது அது. பல சபைகளிலும் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே திருவிருந்து. சிலுவை வைத்த அப்பத்தையும் பல வீடுகளில் அப்படித்தான் பாவிக்கிறார்கள். ஆகவே கை படுவதைப் பற்றிய பேச்சே இதில் இல்லை. சிலுவையில்லாத அப்பத்தைத் தனியே செய்வதே உங்களைப் போன்ற அடுத்த வீட்டாருக்கும் பங்கு தரத்தானே! இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்குள் சாவு நடந்த வீட்டில் இந்த அப்பம் சுடமாட்டார்கள். அன்றைக்கு உறவினரும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் வீட்டில் செய்ததை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.