பழைய விளக்கைத் திறந்து படிப்போம்

மோரிஸ் மைனர், ஃபோல்க்ஸ்வேகன் பீட்டல் போன்ற பழைய கார்களை நம் சாலைகளில் இன்றும் எப்போதாவது காணலாம். அவற்றின் முகப்பு விளக்கை மூடியிருப்பது உண்மையான கண்ணாடி. பாலிகார்பனேட் நெகிழியை 1983இல் அமெரிக்கா அனுமதித்த பிறகு, கண்ணாடி மெல்ல மெல்ல மறைந்தது. நெகிழி எடை குறைந்தது, எளிதில் உடையாது. ஆனால், புற ஊதாக் கதிர் பட்டு நாளடைவில் மஞ்சளாகிவிடும். கண்ணாடிக்கு அந்தக் குறை இல்லை. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்தினால் பல ஆண்டுகள் உழைக்கும்.

இந்த வேலையைப் பட்டறைக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிடக் கூடாது. அறிவியல் வகுப்புக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே என் கருத்து.

காரணம், ஒரே பொருளில் பல பாடங்கள் உள்ளன. சில விளக்குகளில் ரப்பர் வளையமும் கம்பிக் கவ்விகளும் கண்ணாடியைப் பிடித்திருக்கும். கவ்வியை நீக்கினால் கழன்றுவிடும். வேறு சிலவற்றில் பசை ஒட்டியிருக்கும். அதை வெப்பக் காற்றால் இளக்க வேண்டும். இங்கேதான் பலர் கண்ணாடியை உடைக்கிறார்கள். சுமார் 18 செண்டிமீட்டர் அகலமுள்ள சாதாரணக் கண்ணாடி 70 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான் விரியும். ஆனால், ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நின்றால் விரிசல் விழ அதுவே போதும். ஆகவே, சுற்றிலும் சீராகச் சூடேற்ற வேண்டும். தானாக ஆறவிட வேண்டும்.

உள்ளே பளபளக்கும் பரவளைய ஆடியை விரலால் தொடவே கூடாது. அதன் உலோகப் பூச்சு மிக மெல்லியது, துடைத்தால் உரிந்துவிடும். அடியில் காற்றுத் துளை இருந்தால் அதைப் பசையால் அடைக்கவும் கூடாது. விளக்கு அணைந்து குளிரும்போது ஈரக் காற்று எப்படியும் உள்ளே புகும். வெளியேற வழியில்லாவிட்டால் கண்ணாடியின் உட்புறம் நீர்த்துளிகள் தங்கிவிடும்.

மீண்டும் பொருத்துவதில்தான் பெரிய பாடம் இருக்கிறது. கண்ணாடியில் காணும் கோடுகள் அலங்காரமல்ல. ஒவ்வொன்றும் ஒரு சிறு பட்டகம். ஒளியை விலக்கிச் சாலையின் மீது பரப்புகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எனவே, தாழ்ந்த ஒளி இடது ஓரத்தில் சற்று உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வந்த கண்ணாடியைப் பொருத்தினால், அல்லது சரியான கண்ணாடியையே சற்றுத் திருப்பி ஒட்டினால், ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். அந்த எதிரே வருபவர் பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிளோட்டி. காணொளியைப் பார்த்துக் கழற்றக் கற்றவருக்கு இது தெரியாமல் போகலாம். ஒளிவிலகலைப் புரிந்தவருக்குத் தெரியும்.

பாடநூலில் கதிர்ப்படம் வரைந்து மதிப்பெண் வாங்குவது எளிது. அந்தக் கதிர் ஒருவரின் கண்ணில் படக்கூடும் என்று உணர்வதே கல்வி. பயன்படாத பழைய விளக்கு ஒன்று பட்டறையில் கிடைத்தால், அதை உங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, ஆசிரியர் முன்னிலையில் திறந்து பாருங்கள். கண்ணாடியோடு கண்ணாடி உருக்கி மூடிய விளக்கை மட்டும் திறக்க முயலாதீர்கள்; அது திறப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று அறிவதும் அறிவியல்தான்.