மானமும் மானியமும்



வேள்விக்குடி என்று ஓர் ஊர். எட்டாம் நூற்றாண்டிலே ஆண்ட பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் வெட்டுவித்த செப்பேடு, அவ்வூரைப் பற்றிய ஒரு வழக்கை நமக்குச் சொல்கிறது. மதுரை வீதியிலே மன்னன் வருகிறான். ஒருவன் முன்வந்து முறையிடுகிறான். பெயர் காமக்காணி நற்சிங்கன். முன்னொரு காலத்திலே பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தன் முன்னோனுக்கு அளித்த ஊர் அது என்கிறான். களப்பிரர் வந்து பறித்துவிட்டனர் என்கிறான். மீட்டுத் தருமாறு கேட்கிறான். பழைய உரிமையை மெய்ப்பித்துக் காட்டு என்கிறான் மன்னன். காட்டுகிறான். ஊர் கைக்கு வந்துவிடுகிறது!

எத்தனை எளிதாக முடிந்தது, பார்த்தீர்களா? எந்த வீதியிலே எந்த வேளையிலே மன்னன் வருவான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எதைச் சொன்னால் மன்னன் மனம் இளகும் என்பது தெரிந்திருந்தது. கையிலே சான்று இருந்தது. அதே ஊரின் சேற்றிலே காலூன்றி, தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவன் அன்று அவ்வீதியிலே குரல் எழுப்பியிருந்தால், தேர் நின்றிருக்குமா? தேர்ப்பாகன் திரும்பித்தான் பார்த்திருப்பானா?

மன்னன் போனான், மணிமுடி போயிற்று, செப்பேடு காட்சிச் சாலைக்குப் போயிற்று. மானியம் என்ற சொல் மட்டும் போகவில்லை. வேள்வி வளர்ப்போருக்கு விளைநிலம் கொடுப்பதற்குப் பெயராக இருந்த அச்சொல், இன்று செக்கு வைக்க விரும்பும் பெண்ணுக்கும், பட்டறை போட விரும்பும் இளைஞனுக்கும், அனாதைக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்தும் நல்லோருக்கும் பொதுப்பணத்திலிருந்து தரும் உதவிக்குப் பெயராயிற்று. பொருள் மாறிற்று, மகிழ்கிறோம். வழக்கம் மாறிற்றா? கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனே இன்றும் உள்ளே நுழைகிறான். தெரியாதவன் வாசலிலே நிற்கிறான். அவன் தோளிலே கை போட்டபடி தரகன் நிற்கிறான்.

"மானம் பெரிதென்று மேடைதோறும் முழங்கிய நாம் மானியம் கேட்டு நிற்பதா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் மானியம் யார் வீட்டுப் பணம்? தீப்பெட்டி வாங்குகிறவன் வரி கொடுக்கிறான். சோப்புக் கட்டி வாங்குகிறவள் வரி கொடுக்கிறாள். கொடுத்தது நாம், குவிந்தது கருவூலத்தில். அதிலே ஒரு பங்கு திரும்பி வரும்போது, அதைக் கை நீட்டிப் பெறுவது எப்படி இரவலாகும்? பெரிய ஆலை முதலாளி நிலமும் மின்சாரமும் வரிவிலக்கும் சலுகையாகப் பெற்றால் அது தொழில் வளர்ச்சியாம்! செக்குக்காரி மூன்று இலட்சம் பெற்றால் அது இலவசமாம்! இந்த இரட்டை நாக்கை நாம் ஏற்பதற்கில்லை.

ஆகவே கேட்போம். கேட்பதற்கு முன், எதைக் கேட்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வோம். இந்த இடத்திலேதான் ஏழை பெரிதும் ஏமாறுகிறான். அரசு மானியம் என்றால் யாரோ ஒருவர் பணக்கட்டைக் கையிலே வைப்பார் என்று எண்ணுகிறான். தொழிலுக்கென்று நம் நாட்டிலே கிடைக்கும் மானியத்தில் பெரும்பகுதி அப்படிப்பட்டதன்று. அது வங்கிக் கடனோடு ஒட்டிப் பிறந்த பிள்ளை. கடன் இல்லையேல் மானியம் இல்லை.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்று ஒன்று. 2008இலே பிறந்தது, கதர் கிராமத் தொழில் ஆணையம் நடத்துவது, மாநிலத்திலே மாவட்டத் தொழில் மையமும் கதர் வாரியமும் அதன் வாசல்கள். 2022இலே திருத்திய விதிப்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 இலட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 இலட்சம் வரை திட்டம் தீட்டலாம். சிற்றூரிலே வாழும் ஒரு பெண், மரச்செக்கு வைக்க 10 இலட்ச ரூபாய்க்குத் திட்டம் போடுகிறார் என்று கொள்வோம். அவர் கையிலிருந்து போட வேண்டியது நூற்றுக்கு 5, அதாவது 50,000 ரூபாய். மீதி ஒன்பதரை இலட்சத்தை வங்கி கடனாகக் கொடுக்கிறது. மானியம் நூற்றுக்கு 35, அதாவது மூன்றரை இலட்சம். அந்த மூன்றரை இலட்சம் அவர் கைக்கு வருவதில்லை! அவர் பெயராலே வங்கியிலேயே மூன்றாண்டு வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி தரமாட்டார்கள். கடனில் அந்த அளவுக்கு வட்டி வாங்கவும் மாட்டார்கள். மூன்றாண்டு செக்கு உண்மையாகவே சுற்றியிருந்தால், அத்தொகை கடனிலே கழியும். ஆக, அவர் அசலாக அடைக்க வேண்டியது ஆறு இலட்சம். செக்கு இடையிலே நின்றுபோனால், கழிவு கிடைக்காது. கடன் மட்டும் கழுத்திலே நிற்கும்.

இதை முதல் நாளே சொல்லாதவன் தரகன். சொல்லிவிட்டுத் துணை நிற்பவன் தோழன்.

இன்னொன்று. மேற்சொன்ன 35 விழுக்காடு ‘சிறப்புப் பிரிவினருக்கு’ என்று விதி பேசுகிறது. யார் அந்தச் சிறப்புப் பிரிவினர்? ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர். அப்படியானால் நம் தெருவிலே மிச்சம் யார்? நம் மக்களுள் மிகப் பெரும்பாலோர் அந்தப் பட்டியலுக்குள்ளே இருக்கிறார்கள்; இருக்கிறோம் என்பதை அறியாமலே இருக்கிறார்கள். உற்பத்தித் தொழிலில் 10 இலட்சத்துக்கு மேற்படாத திட்டமென்றால் பள்ளிப் படிப்பும் கேட்பதில்லை. அதைத் தாண்டினால்தான் எட்டாம் வகுப்பு. குறித்த வரம்புக்கு உட்பட்ட சிறுதொழிற் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இடைத்தரகர் எவரையும் தாங்கள் அமர்த்தவில்லை என்று ஆணையமே அறிவித்திருக்கிறது. உத்யம் பதிவுக்கும் ஒரு காசு தரவேண்டியதில்லை. ஆனாலும் கடைத்தெருவிலே இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறதே, அது எப்படி வந்தது?

நாடகம் எழுதுகிறவன் அல்லவா, ஒரு சிறு காட்சியாகவே காட்டிவிடுகிறேன். கற்பனைதான், ஆனால் வங்கிக்குப் போய் வந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

மேலாளர்: இந்தத் திட்ட அறிக்கை நீங்கள் எழுதியதா அம்மா?

பெண்: கணினிக் கடையிலே எழுதிக் கொடுத்தாங்க சார். மூவாயிரம் வாங்கினாங்க.

மேலாளர்: ஒரே செக்கிலே ஒரு நாளைக்கு ஒரு டன் எள் ஆட்டுவதாக எழுதியிருக்கிறதே!

பெண்: ஐயோ, ஒரு டன்னா? மாடு செத்துப்போகும் சார்!

மேலாளர்: மாடா? இதிலே மோட்டார் என்றல்லவா இருக்கிறது?

பெண்: எனக்குத் தெரியாதுங்க. எழுதினவரைத்தான் கேட்கணும்.

திரை விழுகிறது. விண்ணப்பமும் விழுகிறது.

இந்தக் காட்சியிலே மேலாளர் கொடியவர் அல்லர். அந்தப் பெண்ணும் அறிவிலி அல்லர். எள் எந்தச் சந்தையிலே எந்த மாதத்திலே மலிவு, ஒரு படி ஆட்டினால் எவ்வளவு எண்ணெய் இறங்கும், பிண்ணாக்கை யார் வாங்குவார், அண்டை ஊரிலே எத்தனை வீடு செக்கெண்ணெய்தான் வேண்டும் என்று கேட்கிறது, இவை அத்தனையும் அவர் விரல்நுனியிலே இருக்கின்றன. நல்ல திட்ட அறிக்கை என்பது இதுதான்! இதோடு இயந்திரம் விற்பவரிடம் வாங்கிய விலைப்பட்டியல், இடத்துக்கான வாடகை ஒப்பந்தம், மின் கட்டணம், மாதத் தவணை போக மிஞ்சுவது எவ்வளவு என்ற கணக்கு ஆகியவற்றைச் சேர்த்தால் முடிந்தது. அவர் சொல்லச் சொல்ல உட்கார்ந்து எழுத ஓர் ஆள் இல்லை, அவ்வளவே குறை. மூவாயிரம் ரூபாய் வாங்கிய கடைக்காரனோ, யாருக்கோ எழுதியதிலே பெயரை மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டான்.

தில்லியின் திட்டத்தை நாம் ஏன் விளம்பரப்படுத்த வேண்டும் என்று முகம் சுளிக்க வேண்டாம். அதிலும் நம் வரி இருக்கிறது. எதிர்க்க வேண்டியதை எதிர்த்தே வந்திருக்கிறோம். 1953இலே ஆச்சாரியார், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படித்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார், நாடு பொங்கிற்று, மறு ஆண்டே அத்திட்டம் மாண்டது. எழுபது ஆண்டு கழித்து, 2023இலே விசுவகர்மா என்ற பெயரோடு ஒன்று வந்தது. பதினெட்டு வயது இளைஞன் குடும்பத் தொழிலைச் செய்தால் கடன் தருவோம் என்றது. கல்லூரிக்குப் போகும் வயதிலே கருமான் மகனைப் பட்டறைக்கு அழைத்தது! 2024 நவம்பரிலே அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அந்த உருவிலே அதை ஏற்பதற்கில்லை என்று மைய அரசுக்கு எழுதினார். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கு, வயதை 35 ஆக்கு என்பதே தமிழகம் கேட்டது. 2025 ஏப்ரலிலே குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கிற்று: 25 தொழில்கள், குலம் கேட்காத விண்ணப்பம், மூன்று இலட்சம் வரை கடன், அதில் நூற்றுக்கு 25 மானியம், மேல்வரம்பு 50,000 ரூபாய். ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் முதலாளிகளாக எழுவதற்கென்றே 2023இலே அண்ணல் அம்பேத்கர் பெயரால் வந்த திட்டம், 35 விழுக்காட்டை, ஒன்றரைக் கோடி வரை, மானியமாக அறிவித்தது. ஆணைகள் வந்தன, பெருமைப்பட்டோம், சுவரொட்டி ஒட்டினோம். ஒட்டிய சுவருக்கு எதிர்வீட்டிலே இருப்பவர் விண்ணப்பித்தாரா என்று எத்தனை பேர் கதவைத் தட்டிக் கேட்டோம்?

அறப்பணி செய்வோர் வழி வேறு. அவர்களுக்கு வங்கி வேண்டாம், ஏடு வேண்டும். படிப்பகம் நடத்துகிறோம், மாலைநேர வகுப்பு நடத்துகிறோம், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பேணுகிறோம். ஆனால் பதிவில்லை, வரவு செலவுக் கணக்கு ஒருவர் சட்டைப் பையிலே! யார் கொடுப்பார்? 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் கூடினால் ஒரு சங்கம். அதன்பின் வருமான வரித் துறையின் பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் ஒப்புதலும்.

இத்தனையும் எதற்கு? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், ஓராண்டில் ஐந்து கோடி நிகர இலாபம் காணும் கம்பெனியும், ஆயிரம் கோடி விற்றுமுதலோ ஐந்நூறு கோடி நிகர மதிப்போ உடைய கம்பெனியும், மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சொல்கிறது. உன் ஊர் எல்லையிலே புகை கக்கும் ஆலை, உன் ஊர்ப் படிப்பகத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து! ஆனால் பணத்தை வாங்கும் அமைப்பு அத்தகைய பணியிலே மூன்றாண்டு அனுபவம் காட்ட வேண்டும். எனவே இன்று பதிவு செய்து, இன்றே கணக்கெழுதத் தொடங்கினால், மூன்றாண்டு கழித்து அந்தக் கதவைத் தட்டலாம். ஒன்றை மறவாதீர்: அரசியல் கட்சிக்குக் கொடுப்பது இந்தக் கணக்கிலே சேராது என்று விதி உள்ளது. படிப்பகத்தின் பெயர்ப்பலகையிலே கொடியின் நிறத்தைத் தீட்டிவிட்டு, கம்பெனிக் கதவைத் தட்டிப் பயனில்லை.

வெளிநாட்டு உதவி பற்றிப் பலர் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் அப்பணம் முதலில் தில்லியிலே பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையிலே இறங்க வேண்டும். பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பகிர்ந்து தருவதற்கும் தடை. கன்னியாகுமரியிலே பத்துப் பிள்ளைகளைப் பேணும் இல்லத்துக்குக் கணக்கு தில்லியிலே! மாநில உரிமை பேசும் நம் மன்றங்கள் இதைப் பேச வேண்டாமா?

அடுத்த கிளைக் கூட்டத்திலே தீர்மானம் எழுதிக் களைத்தபின், இன்னொரு தாளை எடுத்து வையுங்கள். நம் வட்டத்திலே தறி, தையல், செக்கு, தச்சு, பட்டறை என்று தொழில் தெரிந்தும் முதல் இல்லாதவர் ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள். மாவட்டத் தொழில் மையத்துக்கு அவர்களோடு நடந்து போய், நடப்பாண்டின் ஆணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வீதங்களும் வரம்புகளும் மாறக்கூடியவை. ஒரு திட்டத்திலே மானியம் பெற்றவர் மற்றொன்றிலே கேட்க முடியாத விதி உண்டு. ஆகவே எது ஏற்றது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பழைய கடன் நிலுவை இருந்தால் மறைக்கச் சொல்லாதீர்கள்; வங்கியின் கணினிக்கு அது முன்பே தெரியும். அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எழுதியதை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்திலே கேளுங்கள். தரவில்லையா? 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. வந்த பதில்களை ஒன்றாகக் கோத்து நம் சட்டமன்ற உறுப்பினர் கையிலும் நாடாளுமன்ற உறுப்பினர் கையிலும் கொடுங்கள். எந்த வங்கிக் கிளை, எந்தத் தேதி, என்ன காரணம் என்று கையிலே தாள் இருந்தால், அமைச்சரை எழுந்து நின்று கேட்க அவர்களுக்கும் வசதியாயிருக்கும்.