கார் கண்ணாடியை உடைச்சுட்டாங்க... க்ளெய்ம் பண்ணலாமா, கைக்காசு போடலாமா?

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குக் கிளம்பும்போதுதான் தெரிகிறது: தெருவோரம் நிறுத்தியிருந்த காரின் பக்கவாட்டுக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. கதவில் நீளமாக ஒரு கீறல் வேறு. பெங்களூரு, புனே, டெல்லி என்று பார்க்கிங் இல்லாத வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த பயம் எப்போதும் உண்டு. "அதான் இன்சூரன்ஸ் இருக்கே" என்று உடனே க்ளெய்ம் போட்டுவிடுகிறோம். அதன் விலை அடுத்த ரினியூவலில்தான் தெரியவரும்.

எந்த பாலிசியில் பணம் கிடைக்கும்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி கட்டாயமானது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான். உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது அது. உங்கள் கார் திருடுபோனாலும், யாராவது உடைத்தாலும் அதில் ஒரு ரூபாய்கூட வராது. திருட்டு, கலவரம், வேண்டுமென்றே செய்யும் சேதம் ஆகியவற்றுக்கு 'ஓன் டேமேஜ்' கவர் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி.

காருக்குள் இருந்த லேப்டாப் போனால்? சாதாரண கார் பாலிசி அதற்குப் பொறுப்பேற்காது.

நம்ம தப்பே இல்லையே, பிரீமியம் ஏன் ஏறுகிறது?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். 'நோ க்ளெய்ம் போனஸ்' எனப்படும் என்சிபி, ஒழுங்காக ஓட்டியதற்கான பரிசு அல்ல. க்ளெய்ம் செய்யாமல் இருந்ததற்கான தள்ளுபடி. இடித்தது நீங்களா, உடைத்தது வேறு யாரோவா என்று அது பார்க்காது.

க்ளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20%, அடுத்தடுத்து 25%, 35%, 45%, ஐந்தாம் ஆண்டில் 50% என்று இந்தத் தள்ளுபடி ஏறும். ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டுமே பொருந்தும். ஒரே ஒரு க்ளெய்ம் போதும், மறுபடி பூஜ்ஜியம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.12,000, என்சிபி 50% என்று வைத்துக்கொள்வோம். இப்போது கட்டுவது ரூ.6,000. க்ளெய்ம் செய்தால் அடுத்த ரினியூவலில் முழு ரூ.12,000. அதன்பின் ரூ.9,600, ரூ.9,000, ரூ.7,800, ரூ.6,600 என்று குறைந்து, ஆறாவது ரினியூவலில்தான் பழைய ரூ.6,000-க்குத் திரும்பும். அடிப்படை பிரீமியம் மாறவில்லை என்றால், இடைப்பட்ட ஐந்து ரினியூவல்களில் கூடுதலாகக் கட்டுவது ரூ.15,000. அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.17,700.

கண்ணாடிக்கும் பெயின்ட்டுக்கும் பில் ரூ.9,000 என்றால், அது முழுதாகவும் கைக்கு வராது. 1,500 சிசி வரையிலான கார்களுக்கு ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000 கட்டாயமாக நீங்களே போட வேண்டும். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், ஆனால் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதியைப் பிடிப்பார்கள். ஆக, ரூ.8,000-க்கும் குறைவாக வாங்க ரூ.17,700 கட்டுகிறீர்கள். இந்த நிலையில் கைக்காசு போடுவதே லாபம்.

கார் வாங்கி முதல் ஆண்டுதான் என்றால் கணக்கு வேறு. இழக்க பெரிய என்சிபி இல்லை. அதே ரூ.12,000 பிரீமியத்தில் மொத்த இழப்பு ஏறக்குறைய ரூ.6,000, ஜிஎஸ்டி தனி. 'என்சிபி புரொடெக்ட்' ஆட்-ஆன் இருந்தால், எத்தனை க்ளெய்ம் வரை தள்ளுபடி காப்பாற்றப்படும் என்று பாலிசியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காரே போய்விட்டால்?

இங்கே க்ளெய்ம் செய்யலாமா என்ற யோசனைக்கே இடமில்லை. ஆனால் ஷோரூமில் கொடுத்த பணம் திரும்ப வராது. கிடைப்பது பாலிசியில் எழுதியிருக்கும் ஐடிவி மதிப்புதான். வழக்கமான அட்டவணைப்படி இரண்டு முதல் மூன்று ஆண்டு பழைய காருக்கு 30% தேய்மானம். ரூ.10 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலை கொண்ட காருக்கு ஐடிவி ரூ.7 லட்சம். கார் லோன் பாக்கி ரூ.5 லட்சம் இருந்தால் அது முதலில் வங்கிக்குப் போகும். மீதி சுமார் ரூ.2 லட்சம்தான் உங்களுக்கு. சாலை வரி, ரெஜிஸ்ட்ரேஷன் செலவு எல்லாம் போனது போனதுதான். 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' ஆட்-ஆன் இந்த இடைவெளியை நிரப்பும், ஆனால் பொதுவாகப் புதிய கார்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட சிலர் ஐடிவியைக் குறைத்துவிடுவார்கள். திருட்டு நடந்தால் அந்தச் சேமிப்பு பெரிய நஷ்டமாகிவிடும்.

போலீசுக்கு எப்போது போக வேண்டும்?

உடனே. திருட்டோ, யாராவது வேண்டுமென்றே செய்த சேதமோ, க்ளெய்முக்கு எஃப்ஐஆர்தான் அடிப்படை. புகார் உடனே பதிவாகியிருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொன்னதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி உண்மையான திருட்டு க்ளெய்மை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதற்காக அசட்டையாக இருக்க வேண்டாம், அன்றே சொல்லிவிடுங்கள்.

திருட்டு க்ளெய்மில் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று இல்லை என்றால் கேள்விகள் தொடங்கும். சாவியை வண்டியிலேயே விட்டதால் க்ளெய்ம் மறுக்கப்பட்ட ஒரு லாரி வழக்கில், 75% தொகையைத் தருமாறு 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றம் வரை போயும் கால்வாசிப் பணம் கிடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

க்ளெய்ம் போடாதவருக்கும் செலவா?

ஆம். தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. ஓன் டேமேஜ் விலையை 2007 முதல் நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. ஊர், மாடல், காரின் வயது, முந்தைய க்ளெய்ம் எல்லாம் அதில் சேரும். அதனால்தான் ஒரே காருக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விலை சொல்கின்றன. ரினியூவலுக்கு முன் ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவனம் மாறினாலும் என்சிபி உங்களுடனேயே வரும்.

அடுத்த முறை கண்ணாடி உடைந்தால் செய்ய வேண்டியது: போட்டோ, போலீஸ் புகார், நிறுவனத்துக்குத் தகவல், பிறகு மெக்கானிக்கிடம் எஸ்டிமேட். பாலிசியில் என்சிபி எத்தனை சதவீதம் என்று பார்த்து, மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். க்ளெய்ம் படிவத்தில் கையெழுத்து அதற்குப் பிறகுதான்.